தேவாங்கின் எச்சத்தில் புழு தெரிந்தால் மருந்து வைக்கலாமா?

அய்யலூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிறீர்கள். உங்கள் கிளுவை வேலியில் இரவில் இரண்டு தேவாங்குகள் நடமாடுகின்றன. ஒருநாள் காலை வேலிக்கடியில் கிடந்த எச்சத்தில் வெள்ளை நூல் போல ஒன்று நெளிந்ததைப் பார்த்துவிட்டு மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள்: அவற்றுக்கு உடம்பு சரியில்லையா, பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் குடற்புழு மாத்திரையைப் பொடித்து வாழைப்பழத்தில் வைக்கலாமா, வீட்டில் தவழும் குழந்தைக்கு இதனால் ஏதும் வருமா. மூன்றுக்கும் அடியில் இருப்பது, காட்டு விலங்கின் குடலில் புழு இருந்தாலே அது நோயா என்ற கேள்விதான். பெரும்பாலும் நோய் இல்லை. மருந்து தயவுசெய்து வைக்க வேண்டாம். குழந்தை விஷயத்தில் தேவாங்கை விட உங்கள் வீட்டு நாயைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நான் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு ஒட்டுண்ணிகள் பக்கம் போனவன். காட்டு விலங்குகளின் எச்சத்தை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. அந்த அனுபவத்தில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் பார்த்த அந்த நூல். அது தேவாங்கின் எச்சம்தானா என்பதையே உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரு முனையில் சுண்ணாம்பு போல வெள்ளைக் கட்டி இருந்தால் அது பல்லி அல்லது ஓணானுடையது. பழக்கொட்டைகள் நிறைய இருந்தால் மரநாயாக இருக்கலாம். தேவாங்கின் எச்சத்தைக் குச்சியால் உடைத்துக் கைலென்ஸில் பார்த்தால் உள்ளே முழுக்க எறும்புத் தலைகள், வண்டின் மினுமினுக்கும் சிறகு ஓடுகள், கரையானின் தாடைகள், ஒடிந்த கால்கள்தான் இருக்கும். ஆந்தை கக்கும் உருண்டையிலும் வண்டு ஓடுகள் வரும், ஆனால் அதில் எலும்பும் மயிரும் கலந்திருக்கும். அடுத்தது நெளிந்த பொருள். எச்சம் விழுந்து சில மணி நேரம் ஆகியிருந்தால் ஈ முட்டையிட்டு வந்த புழுவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஈப்புழுவின் உடம்பு வளையம் வளையமாக இருக்கும். ஒரு முனை கூர்ந்து, உள்ளே கறுப்பாக வாய்க்கொக்கி தெரியும், மறுமுனை மொட்டையாக இருக்கும். குடலில் வாழும் உருளைப்புழுவுக்கு வளையம் கிடையாது. உடம்பு வழவழவென்று, இரு முனையும் மெலிந்து, பாம்பு நெளிவது போல நெளியும். தட்டையாக அரிசி போல ஒன்று சுருங்கி விரிந்தால் அது நாடாப்புழுவின் ஒரு துண்டு.

இன்னொன்றும் உண்டு. வெட்டுக்கிளி, சில்வண்டு, கும்பிடுபூச்சி ஆகியவற்றின் வயிற்றுக்குள் குதிரைமயிர்ப் புழு என்று ஒன்று வளரும். மயிர் போல மெலிந்து, பூச்சியின் உடம்பை விட நீளமாக இருக்கும். அந்தப் பூச்சியைத் தவளையோ மீனோ விழுங்கினால் கூட, புழு மட்டும் உயிரோடு வெளியே வந்துவிடும் என்பது சோதனைகளில் பார்க்கப்பட்டது. ஆகவே பூச்சி தின்னும் விலங்கின் எச்சத்தில் ஒரு புழு இருந்தால், அது அந்த விலங்குக்குள் குடியிருந்த புழுவா, அது தின்ற பூச்சிக்குள் இருந்த புழுவா என்ற கேள்வி எப்போதுமே எழும். நீங்கள் பார்த்தது எது என்று இங்கிருந்தே நான் சொன்னால் அது வெறும் யூகம்.

இந்தக் குழப்பம் தேவாங்கில் இவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம் அதன் சாப்பாடு. அன்னா நெகாரிஸ் என்ற ஆய்வாளர் 1997-98ல் உங்கள் அய்யலூர்க் காட்டிலேயே இரவெல்லாம் தேவாங்குகளைப் பின்தொடர்ந்து, அவை என்ன தின்கின்றன என்று பதிவு செய்தார். சுமார் 96 விழுக்காடு பூச்சியும் பிற சிற்றுயிர்களும்தான். அதிலும் எறும்பும் கரையானும் நிறைய. குரங்கினத்தில் இந்த அளவுக்குப் பூச்சியை நம்பி வாழ்கிறவை மிகக் குறைவு. வாழைப்பழத்தில் மருந்து வைக்கும் திட்டம் இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது. அந்தப் பழத்தை அணிலும் எலியும் மரநாயும் தின்னும், தேவாங்கு திரும்பியும் பார்க்காது.

சரி, தேவாங்குக்குப் புழு வரும் வழிகள். இரண்டு பெரிய வழிகள் உண்டு, இரண்டும் நன்றாகத் தெரிந்தவை. ஒன்று நேர்வழி. எச்சத்தோடு முட்டை மண்ணில் விழும், ஈரமும் நிழலும் இருந்தால் குஞ்சுப்புழுவாகும், தோலைத் துளைத்தோ வாய் வழியாகவோ அடுத்த விலங்குக்குள் போகும். கொக்கிப்புழுவும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற நூல்புழுவும் இந்த வகை. சாட்டைப்புழுவின் முட்டை மண்ணிலேயே முதிர்ந்து, விழுங்கப்பட்டால்தான் தொற்றும். மற்றது பூச்சி வழி. முட்டையைக் கரப்பானோ வண்டோ தின்னும், அதன் உடம்புக்குள் புழு பாதி வளர்ந்து காத்திருக்கும், அந்தப் பூச்சியை விலங்கு தின்றதும் குடலில் முழுதாக வளரும். முட்தலைப் புழுக்கள், பல நாடாப்புழுக்கள், டெரிகோடெர்மாடைட்டிஸ் போன்ற உருளைப்புழுக்கள் இந்த வழியில் வருகின்றன. டெரிகோடெர்மாடைட்டிஸின் ஓர் இனம் தென்கிழக்கு ஆசியாவின் ஸ்லோ லோரிஸில் கண்டறியப்பட்டு அதன் பெயரையே தாங்கியிருக்கிறது. ஸ்லோ லோரிஸ் நம் தேவாங்கின் நெருங்கிய உறவு, கொஞ்சம் பருமனானது.

திண்டுக்கல், கரூர்ப் பக்கத்து முள்காடுகளை வைத்துப் பார்த்தால், நேர்வழிப் புழுக்களுக்கு அது கடினமான இடம். வருடத்தில் பல மாதம் மண் காய்ந்து கிடக்கும், கொக்கிப்புழுவின் குஞ்சுகள் காய்ந்த மண்ணில் சீக்கிரம் செத்துப்போகும். தேவாங்கும் பெரும்பாலான நேரம் வேலமரத்திலும் உடைமரத்திலும் வேலியிலும்தான் இருக்கிறது, அதன் எச்சம் கீழே விழுந்து அதனிடமிருந்து விலகிவிடுகிறது. பூச்சி வழிப் புழுக்களுக்கோ அது கதவைத் திறந்து வைத்த வீடு. மேலே சொன்ன வாழ்க்கை வட்டங்கள் உறுதி. அதிலிருந்து உங்கள் பக்கத்துத் தேவாங்குகளில் பூச்சி வழிப் புழுக்கள்தான் அதிகம் இருக்கும் என்று நான் எடுக்கும் முடிவு கணிப்புதான், அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. தேவாங்கு தனியாக இரை தேடினாலும் பகலில் கும்பலாக ஒட்டிக்கொண்டு தூங்கும், அந்தி வேளையில் ஒன்றையொன்று நக்கிக் கோதிவிடும். கீரிப்பூச்சி வகைப் புழுக்கள் ஆசனவாய்த் தோலில் முட்டையிடுவதால் அவற்றுக்கு இந்தக் கோதல் போதும், மண்ணே தேவையில்லை.

மைக்ராஸ்கோப் வேலை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "பரிசோதனையில் புழு முட்டை இருந்தது" என்ற ஒற்றை வரியை வைத்துத்தான் பல தவறான முடிவுகள் எடுக்கப்படுகின்றன. எச்சத்தை உப்பு கரையுமட்டும் கரைத்த தண்ணீரில் கலக்கி வடிகட்டி வைத்தால் லேசான முட்டைகள் மேலே மிதந்து வரும், அதைக் கண்ணாடித் தகட்டில் எடுத்துப் பார்ப்போம். முட்டைகள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். ஆடுமாட்டில் வழக்கமாக 2 கிராம் சாணம் எடுத்து, கட்டம் போட்ட மெக்மாஸ்டர் கண்ணாடியில் முட்டைகளை எண்ணி, கிராமுக்கு எத்தனை என்று கணக்குப் போடுவோம். தேவாங்கு மொத்தமே 200 கிராம் சொச்சம் எடையுள்ள உயிர். அதன் ஒரு வேளை எச்சம் பல சமயம் ஒரு கிராம் கூடத் தேறாது, அதிலும் பாதி பூச்சி ஓடு. அந்த அளவில் கிடைக்கும் எண்ணிக்கையை ஆட்டின் எண்ணிக்கையோடு ஒப்பிடவே கூடாது. முட்டை தினமும் ஒரே அளவில் வெளியேறுவதும் இல்லை. அதனால்தான் மீட்கப்பட்ட விலங்குகளில் வெவ்வேறு நாட்களில் மூன்று முறையாவது பார்க்கச் சொல்கிறோம்.

அப்புறம், கண்ணில் படும் எல்லா முட்டையும் குடற்புழுவின் முட்டை இல்லை. தேவாங்கின் கீழ்த்தாடை முன்பற்கள் சீப்பு போல நீண்டிருக்கும், அதை வைத்துத்தான் மயிரைக் கோதும். கோதும்போது மயிரில் இருக்கும் சிற்றுண்ணிகளும் அவற்றின் முட்டைகளும் வயிற்றுக்குள் போய் அப்படியே வெளியே வரும். சிற்றுண்ணி முட்டை புழு முட்டையை விடப் பெரியது, உற்றுப் பார்த்தால் சில சமயம் உள்ளே மடங்கிய கால்கள் தெரியும். பழகாத கண் அதைப் பெரிய புழு முட்டை என்று எழுதிவிடும். பூச்சிகளின் குடலில் வாழும் கிரெகரைன் என்ற ஒருசெல் உயிரியும் இதே போல வெறுமனே கடந்து போகும். எச்சம் ஒருநாள் மண்ணில் கிடந்துவிட்டால் இன்னும் மோசம். மண்ணிலேயே வாழும், யாரையும் தொற்றாத உருளைப்புழுக்கள் அதில் ஏறிவிடும். கொக்கிப்புழு முட்டையும் வெயில் காலத்தில் ஓரிரு நாளில் பொரித்துவிடும், எது எது என்று பிரிப்பது பெரும்பாடு. நிபுணர் பார்த்தாலும் பல முட்டைகளில் குடும்பம் வரைக்கும்தான் சொல்ல முடியும், இனம் சொல்ல முடியாது.

அந்த இடத்தில்தான் இப்போது டி.என்.ஏ. உதவுகிறது. மடகாஸ்கரில் ரனோமஃபானா காட்டில் சுண்டெலி லீமர்களை, அதாவது உள்ளங்கையில் அடங்கும் இரவுக் குரங்கினங்களை, கூண்டில் பிடித்து அடையாளமிட்டு விட்டு, வருடா வருடம் அவற்றின் எச்சத்திலிருந்த உருளைப்புழுக்களை டி.என்.ஏ. மூலம் பிரித்தறிந்தார்கள். போர்னியோவின் கினபடாங்கன் ஆற்றோரக் காட்டில் ஒரு ஸ்லோ லோரிஸிடம் கிடைத்த ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு, மைக்ராஸ்கோப்பில் மற்ற குரங்குகளில் இருப்பதைப் போலவே தெரிந்தாலும் மரபணுவில் வேறாக இருந்ததாக 2018ல் ஆய்வுக் கட்டுரை வந்தது. இரவு விலங்குகளின் குடலில் இன்னும் பெயரிடப்படாத புழுக்கள் இருக்கின்றன என்பதற்கு இதை விட நல்ல சான்று தேவையில்லை. பெயரே தெரியாத ஒன்றுக்கு மருந்து கொடுக்க நினைப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்போது நோயா என்ற கேள்விக்கு வருகிறேன். காட்டில் ஏறத்தாழ எல்லாப் பாலூட்டிக்கும் வயிற்றில் ஏதோ ஒரு புழு உண்டு. பெரும்பாலான விலங்குகளில் அது கொஞ்சமாக இருக்கும், ஒரு சிலவற்றில் மட்டும் மொத்தமாகக் குவிந்திருக்கும். இது ஆடு, எலி, மனிதர் எல்லாரிடமும் பார்க்கப்பட்ட விதி. கொஞ்சமாக இருக்கும் விலங்கு தன்பாட்டில் தின்று, குட்டி போட்டு வாழும். அந்தச் சமநிலை கெடுவது வேறு காரணங்களால்: பட்டினி, வயது, குட்டிக்குப் பால் கொடுக்கும் காலம், எல்லாவற்றுக்கும் மேலாக மனிதன் பிடித்து அடைப்பது. கூண்டில் விலங்கு தன் எச்சத்தின் மேலேயே வாழ வேண்டியிருக்கிறது. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் போன்ற நேர்வழிப் புழு அங்கே சில வாரங்களில் பெருகிவிடும். கூண்டில் கரப்பான் இருந்தால் பூச்சி வழிப் புழுவும் கூடவே வரும். அமெரிக்க மிருகக்காட்சி சாலைகளில் தங்கச் சிங்க டாமரின் என்ற அருகிய சிறு குரங்குகள் 1980களில் டெரிகோடெர்மாடைட்டிஸ் தொற்றிச் செத்தன, பரப்பியது கரப்பான்கள். முட்தலைப் புழு இன்னும் கொடியது. தலையிலுள்ள முட்களைக் குடல் சுவரில் ஊன்றிக்கொள்ளும், சில சமயம் குடலைத் துளைத்துக்கொண்டு வயிற்றுக்குள் சீழ் பிடிக்க வைக்கும். தேவாங்கைப் பிடித்து வைத்துப் பாலும் பழமும் கொடுத்து "காப்பாற்றுகிற" ஆட்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன். காட்டில் சும்மா இருந்த புழு அங்கேதான் கொல்கிறது.

காடு துண்டாவதும் இதில் ஒரு பங்கு வகிக்கலாம். மடகாஸ்கரின் தென்கிழக்கே மன்டேனா கடற்கரைக் காட்டில், சாம்பல் சுண்டெலி லீமர்களின் எச்சத்தை ஆராய்ந்தபோது சிறிய, சீரழிந்த காட்டுத் துண்டுகளில் வாழ்பவற்றில் புழுத் தொற்று கூடுதலாக இருந்தது. ஒரே சிறு இடத்தில் பல விலங்குகள் நெருங்கினால் அப்படி ஆவது புரியக்கூடியதே. அதை அப்படியே கடவூர், அய்யலூருக்குப் பொருத்த நான் துணிய மாட்டேன். அது மழை பெய்யும் கடலோரக் காடு, இது வறண்ட முள்காடு. ஆனாலும் உங்கள் பக்கத்தில் 2022ல் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டதில், இந்தக் காரணத்துக்காகவும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. சரணாலயத்துக்கு வெளியே ஒரு துண்டையும் இன்னொரு துண்டையும் இணைப்பது உங்களுடையதைப் போன்ற உயிர்வேலிகள்தான். கிளுவையை வெட்டிவிட்டுக் கம்பி வேலி போடாமல் இருப்பது எந்த மாத்திரையையும் விட அவற்றுக்குப் பெரிய உதவி.

மருந்து ஏன் கூடாது என்பதை ஒரு கணக்கோடு சொல்கிறேன். பள்ளி, அங்கன்வாடியில் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரை 400 மில்லிகிராம், அது ஒரு பிள்ளைக்கான அளவு. தேவாங்கின் எடை அந்தப் பிள்ளையின் எடையில் நூறில் ஒரு பங்கு. கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தை எடுத்துக்கொண்டால், கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்ற வழக்கமான அளவில் 200 கிராம் விலங்குக்குத் தேவை 0.04 மில்லிகிராம். ஒரு சதவீத மருந்தில் அது 0.004 மில்லிலிட்டர். எந்த சிரிஞ்சிலும் அதை நேராக அளக்க முடியாது, பல மடங்கு நீர்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஆட்டுக்கு ஊற்றும் லெவமிசோலில், குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. அதைக் கண்ணளவில் பழத்தில் தடவுவது விஷம் வைப்பதற்குச் சமம்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோமே என்று கேட்டிருந்தீர்கள், நியாயமான கேள்வி. பிள்ளைகளில் எந்தப் புழு, எவ்வளவு, அது இரத்தசோகைக்கும் வளர்ச்சிக்கும் என்ன செய்கிறது என்று பல பத்தாண்டுகளாகப் பார்த்துவிட்டு, வயதுக்கு ஏற்ற அளவு தெரிந்து கொடுக்கிறோம். கொடுத்த பிறகு கண்காணிக்கவும் ஆள் இருக்கிறது. காட்டு விலங்கில் ஒரு புழுவை எடுத்தால் மற்றது என்ன செய்யும் என்பதே வேறு கதை. பிரிட்டனில் காட்டு எலிகளுக்கு ஐவர்மெக்டின் கொடுத்தபோது உருளைப்புழு குறைந்தது, ஆனால் அதே குடல் பகுதியில் வாழும் ஐமீரியா என்ற ஒருசெல் ஒட்டுண்ணி பெருகியது, கொஞ்ச நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் காட்டெருமைகளுக்குக் குடற்புழு நீக்கம் செய்தார்கள். மருந்து பெற்றவை காசநோய் வந்தும் அதிக நாள் உயிரோடு இருந்தன. அந்தந்த எருமைக்கு அது நல்லதுதான், ஆனால் நோயோடு அதிக நாள் நடமாடுவதால் மந்தையில் காசநோய் கூடுதலாகப் பரவ வழி ஏற்படும் என்று 2015ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். தேவாங்கில் இதே நடக்கும் என்று சொல்லவில்லை. இவ்வளவு பின்னிக்கிடக்கும் இடத்தில் கை வைக்க வலுவான காரணம் வேண்டும், எச்சத்தில் ஒரு புழு அந்தக் காரணம் ஆகாது.

குழந்தை பற்றி. எந்த விலங்கின் எச்சத்தையும் வெறுங்கையால் தொட வேண்டாம், தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தை தவழும் இடத்தில் விழுந்தால் மண்ணோடு அள்ளிப் புதைத்துவிடுங்கள். பூச்சி வழிப் புழு பெரும்பாலும் எச்சத்திலிருந்து நேராகக் குழந்தைக்குத் தொற்றாது, நடுவில் பூச்சி வேண்டும். நேர்வழிப் புழுக்களில் சில குரங்கினங்களுக்கும் மனிதருக்கும் பொதுவானவை என்பதால் ஆபத்து பூஜ்யம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வேலியில் வந்து போகும் இரண்டு தேவாங்குகளால் அது மிகச் சிறியது. முற்றத்தில் திரியும் நாயின் கொக்கிப்புழுவும் டாக்சோகாரா என்ற உருளைப்புழுவின் முட்டையும்தான் கிராமத்துக் குழந்தைகளுக்கு உண்மையான ஆபத்து. நாய்க்கு ஒழுங்காகக் குடற்புழு மருந்து கொடுங்கள், குழந்தைக்கு அங்கன்வாடியில் கொடுப்பதைத் தவறவிடாதீர்கள். தொற்று எதிர்த்திசையிலும் போகும், அதையும் நினைவில் வையுங்கள். வேலியோரம் மலம் கழிக்கும் இடமாக இருந்தால் நம் புழுக்கள் அவற்றுக்குப் போகலாம்.

தேவாங்கு உண்மையிலேயே நோயாளி என்றால் எச்சத்தை விட உடம்பே சொல்லும். பகல் வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும், ஆள் கிட்டே போனாலும் நகராது, இடுப்பெலும்பு துருத்தும், பின்புறம் கழிச்சலில் நனைந்திருக்கும், கிளையைப் பிடிக்கும் பிடி தளர்ந்திருக்கும். அப்போது தடித்த துணியால் எடுத்து, காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் ஒரு கிளையோடு வைத்து, இருட்டாக, சத்தமில்லாமல் விட்டுவிட்டு உடனே வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பால் வேண்டாம், பழம் வேண்டாம், மருந்து வேண்டாம். கடித்துவிட்டால் சோப்பும் தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு இது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

அந்தப் புழு என்ன என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால், அது நல்ல ஆசை, விடாதீர்கள். வனச்சரகரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். காலையில் விழுந்து காயாத எச்சமாகப் பார்த்து, தீக்குச்சியை அளவுக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுங்கள். ஒரு சின்ன பாட்டிலில் எச்சத்தையும் இன்னொன்றில் புழுவையும் தனித்தனியாக, மருந்துக்கடை ஸ்பிரிட்டில் முழுகும்படி போட்டு, தேதியும் மரத்தின் பெயரும் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள், பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் ஒட்டுண்ணித் துறை இருக்கிறது, வனத்துறை வழியாக அங்கே போய்ச் சேரட்டும். ஃபார்மலினில் போடவே வேண்டாம். உருவம் கெடாமல் இருக்கும், ஆனால் டி.என்.ஏ. சிதைந்துவிடும், அப்புறம் மைக்ராஸ்கோப்பில் தெரிவதைத் தாண்டி எதுவும் பார்க்க முடியாது.